மேடைக்கு முன்னால் ஒரு நாற்காலி - நியூயார்க் ரசிகர்களின் கதை

கேபரே என்று சொன்னால் நம் ஊரில் பலருக்கும் பழைய படங்களில் வில்லனின் கிளப்பில் நடக்கும் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். நியூயார்க் நகரத்தில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. ஒரு சின்ன அறை, கொஞ்சம் மேஜைகள், ஒரு பியானோ, பக்கத்தில் நின்று பாடும் ஒருவர். அவ்வளவுதான். பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் நாலு அடி தூரம்கூட இருக்காது.

அதே நகரத்தின் இன்னொரு பெருமை பிராட்வே இசை நாடகங்கள். இந்த இரண்டையும் அண்ணன் தம்பி என்றே சொல்லலாம். பெரிய மேடையில் பிறந்த பாட்டு சின்ன அறைக்கு வரும். சின்ன அறையில் பாடியவர் ஒருநாள் பெரிய மேடைக்குப் போவார். பல நாடக அரங்குகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், அன்றைக்கு நடிகர்கள் கேபரே அறைகளில் வந்து பாடுவதும் பழக்கம்.

கலைஞர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவர்களைத் தேடித் தேடிப் போய்க் கேட்ட ரசிகர்களைப் பற்றி நான் எழுதுகிறேன். படிப்பது பி.காம். என்பதால் எதைப் பார்த்தாலும் முதலில் விலைச்சீட்டைத்தான் பார்க்கத் தோன்றுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

சினிமா ரசிகர் படத்தைத் தவறவிட்டால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். மேடை ரசிகருக்கு அந்த வசதி கிடையாது. அன்று இரவு பாடியது அன்று இரவோடு சரி. அவர் நேரில் போயே ஆகவேண்டும். அதனால் உள்ளே போகும் கதவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கதையில் முக்கியமான கேள்வி.

முதல் கதவு போலீஸ் கையில் இருந்தது. 1940-ல் நியூயார்க்கில் ஒரு விதி வந்தது. மது விற்கும் இரவு விடுதிகளில் பாட, வாசிக்க, வேலை செய்ய வேண்டுமென்றால் 'கேபரே கார்டு' வாங்க வேண்டும். போலீஸிடம் போய்க் கைரேகை வைத்து வாங்கவேண்டிய அட்டை அது. ஏதாவது வழக்கில் மாட்டினால் அட்டை போய்விடும். அட்டை போனால் பிழைப்பும் போய்விடும்.

பில்லி ஹாலிடே என்ற மாபெரும் ஜாஸ் பாடகிக்கு நடந்தது இதுதான். 1947-ல் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனார். அட்டை பறிபோனது. 1948 மார்ச்சில் வெளியே வந்த சில நாட்களிலேயே கார்னகி ஹாலில் பாடினார். அரங்கம் நிரம்பி வழிந்தது. கார்னகி ஹாலில் பாட அந்த அட்டை தேவையில்லை. ஆனால் அவர் குரல் வளர்ந்த இடமான சின்ன விடுதிகளில், மேஜைக்குப் பக்கத்தில் நின்று பாட அனுமதியில்லை. 1959-ல் இறக்கும் வரை அந்த அட்டை அவருக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

யோசித்துப் பாருங்கள். தண்டனைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் சுமார் பதினோரு வருடம், சொந்த நகரத்து ரசிகர்கள் அவரைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. அவருடைய இசைத்தட்டுகள் இருக்கின்றன, கேட்கலாம். நடக்காமலே போன அந்த இரவுகளை எங்கே தேடுவது?

பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கும் 1951-ல் அட்டையை இழந்தார். 1957-ல்தான் திரும்பக் கிடைத்தது. அதற்குப் பிறகு 'ஃபைவ் ஸ்பாட்' என்ற விடுதியில் அவர் தொடர்ந்து வாசிக்க, கூட்டம் அலைமோதியது. ஆறு வருடம் அடைத்து வைத்த அணையைத் திறந்த மாதிரி! இந்த அட்டை முறை ஒழிந்தது 1967-ல்தான்.

இரண்டாவது கதவு பணம். சின்ன அறையில் கணக்கு எளிது. நுழைவுக் கட்டணம் ஒன்று, அதற்கு மேல் குறைந்தது இரண்டு பானமாவது வாங்கவேண்டும் என்ற நிபந்தனை ஒன்று. பல அறைகளில் இதுதான் வழக்கம். பாட்டை வைத்துக் கூட்டம் சேர்ப்பார்கள், லாபத்தைக் கோப்பையில் எடுப்பார்கள்.

அப்படிப்பட்ட அறைகளில்தான் மேபல் மெர்சர் பாடினார். இங்கிலாந்தில் 1900-ல் பிறந்து, பாரிஸில் பாடிப் பெயர் வாங்கி, பிறகு நியூயார்க் வந்தவர். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, அலட்டிக்கொள்ளாமல், ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகச் சொல்லிப் பாடுவார். அவரைக் கேட்க வந்து உட்கார்ந்தவர்களில் பிராங்க் சினாட்ராவும் ஒருவர். ஒரு வரியை எப்படிப் பிரித்துப் பாடுவது என்பதை மேபலிடம்தான் கற்றேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். ரசிகராகப் போய் உட்கார்ந்த இடமே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது.

பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் கதை இன்னும் சுவாரசியம். 1960-ல், வயது பதினெட்டு. கிரீனிச் வில்லேஜில் 'தி லயன்' என்ற சின்ன இடத்தில் நடந்த போட்டியில் பாடி ஜெயித்தார். அடுத்து 'பான் சுவார்' என்ற விடுதி. 1962-ல் பிராட்வே. 1964-ல் 'ஃபன்னி கேர்ள்' நாடகத்தின் நாயகி! முதல் இரண்டு வருடம் அவரைப் பின்தொடர்ந்தவர்கள் விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள் அல்ல, பக்கத்து மேஜைக்காரர் சொல்லி வந்தவர்கள். 1962-ல் பான் சுவாரில் பதிவு செய்த அவருடைய பாடல்கள் முழு ஆல்பமாக வெளிவந்தது 2022-ல். அறுபது வருடம் கழித்து! இப்படித் தப்பிப் பிழைத்தது ஒன்று என்றால் காற்றோடு போனது எத்தனையோ.

பெரிய மேடையில் கணக்கு வேறு. வில்லியம் பவுமல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 1966-ல் மேடைக் கலைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் சொன்னது சுருக்கமாக இதுதான். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரே ஆள் பத்து ஆள் வேலையைச் செய்யலாம். ஆனால் நான்கு பேர் வாசிக்கவேண்டிய இசையை இருநூறு வருடம் கழித்தும் நான்கு பேர்தான் வாசிக்கவேண்டும், அதே நேரம்தான் ஆகும். வெளியே எல்லோருக்கும் சம்பளம் ஏறும்போது இவர்களுக்கும் ஏற்றித்தான் ஆகவேண்டும். ஆகவே செலவு ஏறிக்கொண்டே போகும், டிக்கெட் விலையும் கூடவே ஏறும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திரை தூக்கியபின் காலியாக இருக்கும் நாற்காலியின் மதிப்பு பூஜ்யம். சாயங்காலம் சந்தையில் மிச்சமான தக்காளி மாதிரிதான். வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். 1973-ல் டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் 'டி.கே.டி.எஸ்.' என்ற டிக்கெட் கூண்டு திறந்தது இந்த யோசனையில்தான். அன்றைய காட்சிக்கு விற்காமல் மிஞ்சிய டிக்கெட்டுகளை அன்றே பாதி விலை அளவுக்குக் குறைத்து விற்றார்கள்.

1996-ல் 'ரென்ட்' நாடகம் ஒரு படி மேலே போனது. அதை எழுதி இசையமைத்த ஜோனதன் லார்சன், முதல் முன்னோட்டக் காட்சிக்கு முந்தின இரவு விடிவதற்குள் இறந்துபோனார். வயது 35. வாடகை கொடுக்க முடியாத இளைஞர்களைப் பற்றிய நாடகத்தை அந்த இளைஞர்களே பார்க்க முடியாமல் போனால் எப்படி? அதனால் பிராட்வேக்கு வந்தபோது முதல் இரண்டு வரிசைகளை 20 டாலருக்குக் கொடுத்தார்கள். மிச்சமான இடத்தை அல்ல, மிக நல்ல இடத்தை! பையன்களும் பெண்களும் நடைபாதையில் இரவெல்லாம் படுத்துக் கிடந்து வாங்கினார்கள். கூட்டம் சமாளிக்க முடியாமல் 1997-ல் குலுக்கல் முறைக்கு மாற்றினார்கள். திரும்பத் திரும்ப வந்த இந்த ரசிகர்களுக்கு 'ரென்ட்ஹெட்' என்றே பெயர் வந்துவிட்டது. நாடகம் 2008 வரை 5,123 காட்சிகள் ஓடியது.

அந்த 20 டாலர் இருக்கையைக் கணக்குப் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது? தள்ளுபடியா, நஷ்டமா? என்னைக் கேட்டால் முதலீடு என்றுதான் எழுதுவேன். முதல் வரிசையில் உயிரைக் கொடுத்துக் கைதட்டும் இருபது வயதுக்காரரைப் பார்த்துத்தான் நடிகருக்கும் உற்சாகம், பின்வரிசைக்கும் உற்சாகம். வயதானதும் முழு விலை கொடுத்துத் தன் பிள்ளைகளைக் கூட்டிவரப்போவதும் அவர்தான்.

ஆனால் விலை ஏறும் பக்கம் நிற்கவில்லை. 2001-ல் 'தி புரொட்யூசர்ஸ்' நாடகத்தின் சில இருக்கைகளுக்கு 480 டாலர் விலை வைத்தார்கள். 2015-ல் பிராட்வேக்கு வந்த 'ஹாமில்டன்' நாடகத்துக்குக் குலுக்கலில் ஜெயித்தால் 10 டாலர். பத்து டாலர் நோட்டில் இருப்பதே ஹாமில்டன் படம்தான்! அதே நாடகத்தின் உயர்ந்த இருக்கைக்கு 2016-ல் வைத்த விலை 849 டாலர். ஒரே கூரை, ஒரே பாட்டு, நடுவில் 839 டாலர்.

எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். நியூயார்க் பொது நூலகம் 1970 முதல் நாடகங்களைப் பதிவு செய்து சேமிக்கிறது. அருமையான வேலை. அங்கே போய் உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. ஆனாலும் 2020 மார்ச் 12-ல் நோய்த்தொற்றால் பிராட்வே மூடியபோது, கையில் எத்தனை பதிவுகள் இருந்தும் ரசிகர்கள் ஏங்கியது மறுபடி அந்த அரங்குக்குள் உட்காரத்தான். ஒன்றரை வருடம் காத்திருந்தார்கள்.

போலீஸ் அட்டை ஒழிந்துவிட்டது. விலைச்சீட்டு இருக்கிறது. பாடுபவரைத் தடுத்ததை அநியாயம் என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். கேட்பவரைத் தடுப்பது மட்டும் வியாபாரம் என்று சொன்னால் சரியாகிவிடுமா? செலவு ஏறுவதை யாராலும் தடுக்க முடியாது, பவுமல் சொன்னது உண்மைதான். ஆனால் முதல் வரிசையில் நாலு நாற்காலியைக் காசில்லாத ரசிகருக்கு ஒதுக்குவது முதலாளி நினைத்தால் முடிகிற காரியம். 1996-ல் முடிந்தது, ஓடியும் காட்டியது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?