கட்டா: ஓகினாவாக் கராத்தேயின் வடிவங்கள் வந்த வழி

கட்டா என்பது எதிராளி இல்லாமல் ஒருவர் தனியாக, வகுத்துவைத்த வரிசையில் செய்யும் அடி, தடுப்பு, பிடி, நகர்வு ஆகியவற்றின் தொகுப்பு. சில கட்டாக்கள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நீளமானவை சில நிமிடம் எடுக்கும். ஓகினாவாவின் மரபுப் பள்ளிகளில் கராத்தே கற்பதென்றால் முதலில் கட்டா கற்பதுதான். புள்ளி எண்ணும் போட்டிச் சண்டை அங்கே பிற்காலத்து வரவு. கட்டாவின் அசைவுகளுக்குச் சண்டையில் என்ன பொருள் என்று பிரித்துப் பார்ப்பதைப் புங்காய் என்கிறார்கள். இந்தப் பொருள் தேடும் வேலைக்கு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் இன்று உலகெங்கும் ஆடப்படும் கட்டாக்களில் பல, பார்வைக்குத் தோன்றும் அளவு பழையவை அல்ல. பழையவையும் வந்த வழியில் உருமாறியே வந்திருக்கின்றன.

ஓகினாவா இன்று ஜப்பானின் தென்கோடி மாகாணம். 1879 வரை அது ரியூக்கியூ என்ற தனி அரசு. தலைநகர் ஷூரி, துறைமுகம் நாஹா. 1372 முதல் ரியூக்கியூ மன்னர்கள் சீனப் பேரரசுக்குத் திறை அனுப்பினார்கள். நாஹாவை ஒட்டிய குமெமுரா என்ற ஊரில் சீனக் குடிகள் வாழ்ந்தன. சீனாவின் ஃபூச்சோ நகரில் ரியூக்கியூ ஆட்களுக்கென்று தனி விடுதி இருந்தது. வணிகரும் மாணவரும் தூதரும் இவ்விரு கரைகளுக்கிடையே போய்வந்துகொண்டே இருந்தார்கள். தீவில் முன்பே இருந்த கைச்சண்டை முறை ‘தீ’ எனப்பட்டது. சீனத்திலிருந்து வந்ததைத் ‘தோதி’ என்றார்கள். இரண்டும் கலந்ததே பின்னாளில் கராத்தே ஆயிற்று.

இங்கே ஒரு கதை அடிக்கடி சொல்லப்படும்: மன்னர் ஆயுதத்தைத் தடைசெய்தார், 1609-இல் ஜப்பானிலிருந்து படையெடுத்துவந்த சட்சுமா சாமுராய்கள் தடையை இறுக்கினார்கள், நிராயுதபாணியான உழவர்கள் வெறுங்கையால் போரிடக் கற்றார்கள் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் மெலிந்தது. மன்னர் ஷோ ஷின் காலத்து 1509ஆம் ஆண்டுக் கல்வெட்டை ஆயுதப் பறிமுதல் என்று முதலில் வாசித்தவர் ஓகினாவா ஆய்வின் முன்னோடி இஹா ஃபூயூ. பின்வந்த ஆய்வாளர்கள் அதே வரிகளை, அரசு தன் பாதுகாப்புக்காக ஆயுதங்களைச் சேர்த்துவைத்தது என்று வாசித்தார்கள். பெயர் தெரிந்த பழைய ஆசிரியர்களில் பெரும்பாலோர் உழவரும் அல்லர். பெச்சின் எனப்பட்ட அதிகாரி வகுப்பினர், அரண்மனைக் காவலர், எழுத்தறிந்தவர்.

எழுத்துச் சான்றுகள் குறைவு. இருப்பவற்றில் சிறந்தது ஒரு கப்பல் விபத்தால் கிடைத்தது. 1762-இல் சட்சுமாவுக்குப் புறப்பட்ட ரியூக்கியூக் கப்பல் ஒன்று காற்றில் விலகி ஜப்பானின் தோசா நாட்டு ஓஷிமாவில் ஒதுங்கியது. அதில் வந்தவர்களிடம் கேட்டறிந்ததை அந்நாட்டு அறிஞர் ஒருவர் எழுதிவைத்தார். சீனாவிலிருந்து சீடர்களுடன் வந்த கூசாங்கு என்பவர், மெலிந்த உடம்புக்காரராயினும் வலிய ஆளை வீழ்த்தினார் என்றும், ஒரு கையை மார்பருகே வைத்து மறுகையால் வித்தை காட்டினார் என்றும், கால்களைக் கத்தரிபோல் நகர்த்தினார் என்றும் அக்குறிப்பு சொல்கிறது. 1756-இல் வந்த சீனத் தூதுக்குழுவுடன் அவர் வந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. கூசாங்கு என்ற பெயரில் இன்றும் ஒரு நீண்ட கட்டா உண்டு. அந்தக் கட்டா அவரே வகுத்ததா, அவர் நினைவாக வகுக்கப்பட்டதா என்பதற்கு அந்தக் குறிப்பில் விடை இல்லை.

19ஆம் நூற்றாண்டில் ஷூரியின் பெரிய ஆசிரியர் மத்சுமுரா சோகோன். மூன்று மன்னர்களிடம் பணிபுரிந்தவர். அவருடைய மாணவர்களான அசாதோ அங்கோவும் இதோசு அங்கோவும் கற்பித்த முறை, இன்றைய பயிற்சி வகுப்புகளோடு ஒப்பிட முடியாத அளவு நிதானமானது. அவர்களிடம் பயின்ற ஃபுனாகோஷி கிச்சின், நைஹான்ச்சி என்ற பெயரில் வழங்கும் மூன்று கட்டாக்களுக்கு மட்டும் பத்தாண்டு செலவிட்டதாக எழுதியிருக்கிறார். இரவில், விளக்கொளியில், ஆசிரியர் வீட்டு முற்றத்தில் பயிற்சி நடந்தது. பாராட்டு அரிது, திரும்பச் செய் என்பதுதான் வழக்கமான விமரிசனம். கட்டா நூற்பா என்றால், ஆசிரியர் பக்கத்தில் நின்று தொட்டும் பிடித்தும் சொல்வது உரை. உரை எழுதப்படவில்லை.

நைஹான்ச்சியைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்த உரையின் தேவை புலப்படும். இதில் முன்னும் பின்னும் போவதே இல்லை. சுவரை ஒட்டி நடப்பதுபோல் பக்கவாட்டில் மட்டும் நகர்வு. குறுக்கே ஒரு அடி வைத்து, வலக்கையை விரித்தபடி பக்கத்தில் நீட்ட வேண்டும். அடுத்து இடது முழங்கை சுழன்றுவந்து, அந்த விரித்த உள்ளங்கையிலேயே மோதும். தனியாகச் செய்பவருக்கு இது விசித்திரமாக இருக்கும்: தன் கையைத் தானே ஏன் குத்த வேண்டும்? எதிரே ஒரு ஆளை நிறுத்தினால் குழப்பம் தீரும். நீண்ட கை அவன் கழுத்தின் பின்புறத்தைப் பிடித்து இழுக்கிறது. முழங்கை மோதும் இடத்தில் இருப்பது அவன் முகம். அதன்பின் இரு முட்டிகளும் இடுப்போரம் சேர்வதும் ஓய்வு நிலை அன்று, பிடித்த கையை விடாமல் இழுத்துவைப்பது. அடிக்கும்போது மற்றொரு கை இடுப்புக்குத் திரும்புவதை ஹிகிதே என்பார்கள். நவீன வகுப்புகளில் அது அடிக்கு வேகம் தரும் என்று மட்டும் சொல்லப்படும். பழைய விளக்கத்தில் அந்தக் கை வெறுமையாகத் திரும்புவதில்லை. எதிராளியின் மணிக்கட்டையோ சட்டையையோ பற்றிக்கொண்டு வருகிறது.

நாஹாவின் வரலாறு வேறு. அங்கே சீனத் தொடர்பு நெருக்கமானது. ஹிகாவோன்னா கன்ரியோ (1853–1915) 1870களில் ஃபூச்சோவுக்குப் போய்ப் பல ஆண்டு பயின்று திரும்பினார். 1897-இல் அதே நகருக்குப் போன உவேச்சி கன்புன், பத்தாண்டுக்கு மேல் அங்கே தங்கினார். இருவரும் கொண்டுவந்தவற்றில் பொதுவானது சான்ச்சின். கால்விரல்களை உள்நோக்கித் திருப்பி, பிறைவடிவில் அடியெடுத்து, மூச்சை அடிவயிற்றில் இறுக்கி, மெதுவாகக் கைகளை நீட்டி மடக்குவதே இந்தக் கட்டா. சட்டையில்லாமல் செய்யும் மாணவரைச் சுற்றிவரும் ஆசிரியர், தோளிலும் தொடையிலும் உள்ளங்கையால் அறைந்து தசை இறுகியிருக்கிறதா என்று சோதிப்பார். ஹிகாவோன்னாவின் மாணவர் மியாகி சோஜுனின் மரபில், திறந்த கையால் செய்யப்பட்ட சான்ச்சின் மூடிய முட்டிக்கு மாறியது. திரும்பல்கள் இல்லாத சுருங்கிய வடிவம் ஒன்றையும் மியாகி வகுத்தார். உவேச்சியின் சான்ச்சின் இன்றும் திறந்த கைதான். ஒரே பெயரில் இரண்டு வடிவங்கள் நூறாண்டுக்குள் இவ்வளவு விலகியிருக்கின்றன என்றால், அதற்கு முந்தைய மாற்றங்களை ஊகித்துக்கொள்ளலாம்.

சான்ச்சினைப் போதிதர்மருடன் இணைக்கும் மரபும் உண்டு. காஞ்சியிலிருந்து போன பல்லவ இளவரசர் ஷாவொலின் துறவிகளுக்குக் கற்றுத்தந்தார் என்ற கதை, 2011-இல் வந்த ‘ஏழாம் அறிவு’ படத்துக்குப்பின் தமிழ்நாட்டில் எல்லார் வாயிலும் வருகிறது. போதிதர்மரை உடற்பயிற்சியோடு சேர்க்கும் சீன நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. சீன ஆய்வாளர் தாங் ஹாவோ 1930 வாக்கிலேயே இதைச் சுட்டிக்காட்டிவிட்டார்.

பெரிய திருப்பம் பள்ளிக்கூடத்தில் நிகழ்ந்தது. ரியூக்கியூ அரசு கலைக்கப்பட்டபின் பெச்சின் வகுப்பு வருமானம் இழந்தது. 1898-இல் கட்டாய ராணுவச் சேவையும் வந்தது. இளைஞர்களின் உடலை வளர்க்கக் கராத்தே உதவும் என்று வாதிட்ட இதோசு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓகினாவாப் பள்ளிகளில் அதைக் கற்பிக்கத் தொடங்கினார். 1908 அக்டோபரில் பத்து அறிவுரைகள் கொண்ட கடிதம் ஒன்றை எழுதினார். கராத்தே பௌத்தத்திலிருந்தோ கன்பூசியத்திலிருந்தோ வந்ததன்று என்றே அது தொடங்குகிறது. மாணவர்கள் பள்ளியிலேயே பயின்றால் நாளைக்கு நல்ல படைவீரர்கள் ஆவார்கள் என்ற வாதமும் அதில் உண்டு. இன்னொரு அறிவுரை, ஒவ்வொரு அசைவும் எதற்கென்று ஆராய்ந்து பயில வேண்டும், பல நுட்பங்கள் வாய்வழியாகவே வருபவை என்கிறது. அந்த வாய்வழிப் பகுதிக்கு நாற்பது ஐம்பது பிள்ளைகள் நிற்கும் மைதானத்தில் இடம் ஏது?

பள்ளிகளுக்காக இதோசு வகுத்தவைதான் ஐந்து பினான் கட்டாக்கள். கூசாங்கு முதலான பழைய கட்டாக்களின் துண்டுகள் அவற்றில் தெளிவாகத் தெரியும். ராணுவத்தில் பணியாற்றிய யாபு கென்ட்சு போன்றோர் ஆசிரியர்களாக வந்தபோது எண் சொல்லி வரிசையாகச் செய்யும் கவாத்து முறையும் சேர்ந்துகொண்டது. இன்று எந்த ஊர்க் கராத்தே வகுப்பிலும் பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரே குரலில் எண்ணிச் செய்கிறார்களே, அதன் வேர் இங்கே இருக்கிறது. கண்ணைக் குத்துவதும் கழுத்தை நெரிப்பதும் சிறுவர்களுக்குத் தேவையில்லை என்பதால் பல அசைவுகளுக்குத் தடுப்பு, குத்து என்ற எளிய பெயர்களே போதுமென்றாயிற்று. இதோசுவைக் குறைசொல்வது நியாயமாகாது. அவர் அதைச் செய்திராவிட்டால் கராத்தே சில குடும்பங்களின் முற்றங்களிலேயே அடங்கிப் போயிருக்கலாம்.

1922-இல் ஃபுனாகோஷி தோக்கியோவில் செய்துகாட்டியபோது, போனது பெரும்பாலும் இந்தப் பள்ளிக் கராத்தேதான். பெருநிலத்தாரின் நாவுக்கேற்ப அவர் பெயர்களை மாற்றினார்: பினான் ஹெய்யான் ஆயிற்று, நைஹான்ச்சி தெக்கி, கூசாங்கு கான்கு. நிற்கும் நிலைகள் தாழ்ந்து அகன்றதில் அவர் மகன் யோஷிதகாவின் பங்கு பெரிது. இந்தப் போக்கை ஒப்புக்கொள்ளாதவர் மோதோபு சோக்கி. தெருச் சண்டைகளில் வித்தையைச் சோதித்தவர். நைஹான்ச்சி ஒன்றே போதும் என்பார். 1926-இல் அவர் வெளியிட்ட நூல் முழுக்க இருவர் பயிற்சிப் படங்கள். கியோத்தோவில் வெளிநாட்டுக் குத்துச்சண்டைக்காரர் ஒருவரை அவர் வீழ்த்தினார். அந்தச் செய்தியை ‘கிங்கு’ இதழ் 1925-இல் வெளியிட்டபோது, உடன் வந்த ஓவியத்தில் இருந்தது ஃபுனாகோஷியின் முகம்! இருவருக்கும் ஏற்கெனவே ஒத்துப்போகவில்லை; ஓவியர் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தார்.

1936 அக்டோபர் 25 அன்று நாஹாவில் ஒரு நாளிதழ் கூட்டிய கூட்டத்தில், ‘சீனக் கை’ என்று எழுதப்பட்டுவந்த பெயரை ‘வெறுங்கை’ என்று எழுதுவதென ஆசிரியர்கள் ஒப்பினார்கள். சீனாவுடன் போர் மூளவிருந்த காலம் அது. 1940-இல் மியாகியும் நாகமினே ஷோஷினும் தொடக்கநிலை மாணவருக்கென்று புதிய கட்டாக்களை வகுத்தார்கள். அவற்றில் ஒன்றான கெக்கிசாயைத்தான் மியாகியின் கோஜூ பள்ளிகளில் இன்றும் முதலில் கற்கிறார்கள்.

1945 வசந்தத்தில் போர் தீவுக்கே வந்தது. பொதுமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மாண்டார்கள். ஷூரிக் கோட்டை தரைமட்டமாயிற்று. மியாகி தம் பிள்ளைகள் சிலரையும் தலைமாணவர் ஷின்சாதோவையும் இழந்தார். நாகமினேயின் ஆசிரியர்களில் ஒருவரான கியான் சோத்தோகு, போர் ஓய்ந்த சில மாதங்களில் அகதி முகாமில் இறந்தார். வாய்வழியாக மட்டுமே இருந்த உரையில் பெரும்பகுதி அவர்களோடு போயிற்று. தப்பியவர்களிடம் கற்க வந்தவர்களில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்கள் ஏராளம். மொழி தெரியாது, தங்குவதும் ஓரிரு ஆண்டு. அவர்கள் ஊருக்குக் கொண்டுபோகக்கூடியது கட்டாவின் வரிசை மட்டுமே. உலகம் கராத்தேயை அறிந்ததில் பெரும்பங்கு அப்படித்தான்.

ஆகவே இன்றைய புங்காயில் மரபு பாதி, மறுகட்டுமானம் பாதி. அதற்கும் நெறிகள் உண்டு. கராத்தே ஆசிரியர் மாபுனி கென்வா தம் 1938 நூலில், எட்டுத் திசையில் நகர்வதால் எட்டு எதிரிகள் என்று எண்ணுவதை அபத்தம் என்று தள்ளினார். மியாகியின் மாணவர் தோகுச்சி செய்கிச்சி மூன்று முதன்மை விதிகளைச் சொன்னார்: கட்டா தரையில் போடும் கோட்டைக் கண்டு ஏமாறாதே; முன்னேறிச் செய்வது தாக்குதல், பின்வாங்கிச் செய்வது தற்காப்பு; எதிரி ஒருவனே, அவன் எதிரிலேயே இருக்கிறான். இந்த மூன்றாவதை ஏற்றால் கட்டாவில் வரும் திரும்பல்களுக்கு வேறு பொருள் கிடைக்கிறது. புதிதாக ஒருவன் பின்னால் வரவில்லை. பிடித்தவனைச் சுழற்றி வீழ்த்தவோ, அவன் பக்கவாட்டுக்குப் போகவோ உடல் திரும்புகிறது.

பொருள் தெரிந்தாலும் உடல் தயாராக இருக்க வேண்டும். அதற்கென்று ஓகினாவாவில் ஒரு கருவிப் பட்டறையே உண்டு. வைக்கோற்கயிறு சுற்றிய பலகையான மகிவாராவை முட்டியால் குத்துகிறார்கள். கம்பின் ஒரு முனையில் கல் பொருத்திய சீஷியை மணிக்கட்டால் சுழற்றுகிறார்கள். வாயகன்ற சாடிகளை விரல் நுனிகளால் கவ்வித் தூக்கி நடக்கிறார்கள். 1934-இல் ஹவாய்க்குப் போன மியாகி, அங்கே மல்யுத்த வீரர்கள் பயன்படுத்தியதைப் பார்த்து நீள்வட்ட இரும்பு வளையம் ஒன்றையும் சேர்த்தார். காக்கியே என்ற பயிற்சியில் இருவர் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டித் தள்ளியும் இழுத்தும் நிற்பார்கள். கட்டாவின் பிடிகள் உயிர்பெறுவது இங்கேதான். கட்டாவை ஆயிரம் முறை தனியே செய்தாலும் இந்த உணர்வு கைக்கு வராது.

2017-இல் தொமிகுசுகு நகரில் மாகாண அரசு கராத்தேக்கென்று பெரிய மன்றம் திறந்தது. தோக்கியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் கட்டாப் போட்டி 2021 ஆகஸ்ட் 6 அன்று நடந்தது. தங்கம் வென்றவர் ஓகினாவாவின் கியுனா ரியோ. இறுதிச் சுற்றில் அவர் செய்தது ரியுவெய் பள்ளியின் ‘ஓஹான் தாய்’. 1970களின் தொடக்கம் வரை அந்தப் பள்ளியின் கட்டாக்கள் நாகைமா என்ற ஒரே குடும்பத்துக்குள் மறைவாக இருந்தவை. ஒலிம்பிக்கில் நடுவர்கள் நுட்பத்துக்கு 70 விழுக்காடும் உடல்திறனுக்கு 30 விழுக்காடும் கணக்கிட்டார்கள். புங்காய் அங்கே கேட்கப்படவில்லை; உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி அது அணிப் போட்டிகளின் பதக்கச் சுற்றில் மட்டும் செய்துகாட்டப்படுகிறது.