இராகுவின் நிழலும் விண்வெளிக் குப்பையும்

விண்வெளிக் கலத்தின் சாளரத்துக்கு அப்பால் இனந்தெரியாத பொருளொன்று மிதந்து செல்கிறது. அது மனிதன் விட்டெறிந்த குப்பையா, வேற்றுக்கிரகவாசிகள் செலுத்திய கலமா? அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் நடைபெற்றுவரும் இவ்வாதத்துக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால், வானத்திலே காணப்படுவது யாது, அதைத் தீர்மானிப்பது எங்ஙனம் என்ற வழக்கு எமது மண்ணில் 1829ஆம் ஆண்டிலேயே ஊரறிய நடந்திருக்கிறது. அவ்வழக்கின் வரலாற்றை அறிந்தவர்க்கு இவ்வழக்கு விளங்குவது எளிது.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே ஒரு செமினரியை நிறுவினர். கணிதமும் வானநூலும் அங்கே சிறப்பிடம் பெற்ற பாடங்கள். அதிபராக விளங்கிய டானியேல் பூவருக்கு வானநூல் மீதிருந்த ஆர்வம் வெறும் அறிவார்வம் அன்று. கிரகணம் பற்றிய புராணக் கதை பொய்யென நிறுவப்பட்டால், புராணத்தைத் தாங்கிய சமயமும் உடன் சரியும் என்பது அவர்தம் எதிர்பார்ப்பு. அவருக்கு எதிரே நின்றவர் பஞ்சாங்கம் கணிப்பதிற் புகழ்பெற்ற அராலி விசுவநாத சாத்திரியார். 1829 மார்ச் 20ஆம் நாள் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைச் சாத்திரியாரும் கணித்தார், பூவரும் கணித்தார். நேரத்திலும், சந்திரன் மறையும் அளவிலும் இரு கணிப்புகளும் வேறுபட்டன. வேறுபாடு முன்கூட்டியே பகிரங்கமாகி விட்டதனால், அன்றிரவு வானத்தை நோக்கியவர்கள் வெறும் பார்வையாளர்களாக அன்றி நடுவர்களாகவும் இருந்தார்கள். பூவரின் கணக்கே உண்மைக்கு நெருங்கி நின்றது.

இந்நிகழ்ச்சியை மேலைநாட்டு விஞ்ஞானம் கீழைநாட்டு மூடநம்பிக்கையை வென்ற கதையாகச் சொல்லுவோர் உளர். அது முழு உண்மையன்று. சாத்திரியார், பாம்பு சந்திரனை விழுங்குகிறதென்று கைகட்டி இருந்தவரல்லர். கிரகணம் வரும் நாளைக் கணக்கிட்டுச் சொன்னவர். கி.பி. 499இலே தமது நூலை இயற்றிய ஆரியபட்டர் பூமியின் நிழலே சந்திர கிரகணத்துக்குக் காரணம் என்று உரைத்துவிட்டார். மிஷனரிமாரும் இதை நன்கறிவர். புராணத்துக்கு எதிராக இந்நாட்டுச் சித்தாந்த நூல்களையே சாட்சிக்கு அழைத்தனர். எனவே, மோதியவை இரு கணக்குகள். பழைய கணக்கு காலத்துக்குக் காலம் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தப்படாமையால் தேய்ந்திருந்தது. புதிய கணக்கு திருத்தப்பட்டிருந்தது. தோல்விக்குக் காரணம் இதுவேயன்றிப் பிறிதொன்றில்லை.

மிஷனரிமாரின் எதிர்பார்ப்பும் பலிக்கவில்லை. மக்கள் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள், கோயிலைக் கைவிடவில்லை. அச்சியந்திரத்தையும் பள்ளிக்கூடத்தையும் மிஷனரிமாரிடமிருந்தே கற்றுக்கொண்டு ஆறுமுக நாவலர் பின்னர் அவர்களையே எதிர்த்து நின்றார். (இன்றும் யாழ்ப்பாணத்து வீடுகளில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் அருகருகே தொங்குகின்றன, ஒரே திருவிழாவுக்குச் சில வேளைகளில் இரண்டு தேதிகள் வருவதும் உண்டு. பூவர் வந்து பார்த்தால் என்ன சொல்வாரோ!) அதே வட்டுக்கோட்டையில் செமினரியின் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியிலே கணிதம் கற்பித்த காரைநகர் அலன் ஏபிரகாம், 1910இல் ஹலி வால்வெள்ளி தோன்றியபோது அதன் பாதையைத் தாமே கணித்தார். எண்பது ஆண்டுகளில் கணக்கு எம்மவர் கைக்கு வந்துவிட்டது.

இனி விண்வெளிக்குச் செல்வோம். 1962 பெப்ரவரி 20இல் பூமியைச் சுற்றிய அமெரிக்கர் ஜோன் கிளென், சூரியோதய வேளையில் தமது கலத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஒளித்துகள்கள் மின்மினிகளைப் போல மிதப்பதைக் கண்டார். அவை யாவை என்று கீழே இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. உயிருள்ளவையோ என்ற பேச்சும் எழுந்தது. மூன்று மாதங்கள் கழித்து, மே 24இல், ஸ்கொட் கார்ப்பென்டர் சென்றார். அவர் செய்தது மிக எளிய காரியம். கலத்தின் சுவரை உள்ளிருந்து கையாற் தட்டினார். வெளியே மின்மினிக் கூட்டமொன்று பறந்தது! கலத்தின் மேற்பரப்பிற் படிந்திருந்த உறைபனியே உதிர்ந்து, வெயில் பட்டு மின்னியது. தூரத்தையும் அளவையும் ஒப்பிட வேறு பொருள் இல்லாத அவ்வெளியில், கைக்கெட்டும் தூரத்திலுள்ள பனித்துகளுக்கும் பல மைல் தொலைவிலுள்ள கலத்துக்கும் கண் வேறுபாடு காணமாட்டாது. 1991 செப்ரெம்பரில் ‘டிஸ்கவரி’ ஓடத்திலிருந்து எடுக்கப்பட்ட படத்தில் ஒளிப்புள்ளிகள் திடீரெனத் திசைமாறிய போதும் இதே ஆரவாரம் எழுந்தது. ஓடத்தின் சிறு உந்துபொறி இயங்கிய கணத்திலேயே அவை திசைமாறின. அதன் வாயு தள்ளிய பனித்துகள்கள் அவை என்பதே நாசாவின் விளக்கம்.

எல்லா வழக்கும் இவ்வாறு தீர்ந்துவிடவில்லை என்பதையும் நேர்மையுடன் சொல்லியாக வேண்டும். 1965 யூனில் ‘ஜெமினி 4’ கலத்திலிருந்த ஜேம்ஸ் மக்டிவிற், கோல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்த உருளை வடிவப் பொருளொன்றைக் கண்டார். உடன்சென்ற எட்வேட் வைற் அப்போது உறக்கத்தில் இருந்தார். மக்டிவிற் படமெடுக்க முயன்றார். தெளிவான படம் கிடைக்கவில்லை. ‘பெகாசஸ் 2’ என்ற செய்மதியாக இருக்கலாம் எனப்பட்டது. அதுவோ அவ்வேளையில் ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. அவர் கண்டது அவருடைய கலத்தையே ஏற்றிச் சென்ற றொக்கற்றின் கழிந்த பகுதி என்று பின்னர் ஆய்ந்தோர் சிலர் கருதினர். கொலராடோப் பல்கலைக்கழகக் குழுவின் அறிக்கை 1969இல் நூலாக வெளிவந்தபோது இக்காட்சி விடைகாணாதவற்றுள்ளே சேர்க்கப்பட்டிருந்தது. 2022இல் மறைந்த மக்டிவிற், தாம் கண்டது வேற்றுக்கிரகக் கலம் என்று சொன்னவரல்லர். ‘விடை தெரியவில்லை’ என்பதை ‘விடை வேற்றுக்கிரகவாசி’ என்று வாசிப்பது, கணக்குத் தவறியவுடன் பாம்பைக் கூப்பிடுவது போன்றது.

இலங்கைத் தீவுக்கும் இவ்வாதம் வந்துசேர்ந்தது. 2012 டிசெம்பர் 29இல் பொலன்னறுவைப் பகுதியில் வீழ்ந்ததாகக் கூறப்பட்ட கற்களில் விண்ணிலிருந்து வந்த நுண்ணுயிர்ச் சுவடுகள் உள்ளன என்று, இந்நாட்டிற் பிறந்த வானியலறிஞர் சந்திர விக்கிரமசிங்க குழுவினர் அறிவித்தனர். அக்கல் விண்கல்தானா என்பதே நிறுவப்படவில்லை. சுவடுகள் பூமியின் நன்னீர்ப் பாசிகளுடையவை என்று பிற அறிஞர் மறுத்தனர்.

அதனினும் சிறந்த பாடம் 2015இற் கிடைத்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 3இல் அரிசோனாவிலுள்ள கற்றலினா வானாய்வுக் குழுவினர் ஒரு பொருளைக் கண்டு, ‘டபிள்யூ.ரீ.1190எஃப்’ எனப் பெயரிட்டனர். நிலாவுக்கும் அப்பால் வெகுதொலைவு சென்று திரும்பும் நீள்வட்டப் பாதையில் அது பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. அது யாதென எவருக்கும் தெரியாது. ஆயினும் அதன் பாதையை அளந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. சூரிய ஒளியின் மெல்லிய அழுத்தம்கூட அதை வழிவிலகச் செய்தது. அவ்வளவுக்கு இலேசான பொருள். அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு. எக்கல்லும் அப்படி இராது. உள்ளே வெறுமையான கோது, மனிதன் செய்த கோது என்ற முடிவுக்கு அறிஞர் வந்தனர். நவம்பர் 13, முற்பகல் 11.48 அளவில் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் அது வீழும் என நாளும் நேரமும் குறித்தனர். விமானத்தில் ஏறிக் காத்திருந்த ஆய்வாளர்கள், குறித்த வேளையில் அது எரிந்து சிதறுவதைப் படமெடுத்தார்கள். 1998 ஜனவரியில் நிலாவை நோக்கி ஏவப்பட்ட ‘லூனார் புறொஸ்பெக்ரர்’ கலத்தை உந்திவிட்ட பொறியே அது என்பது பின்னைய ஆய்வுகளில் மிகப் பொருந்திய விடை. ஒரே தீவின் வடகோடியில் 1829இல் ஒரு நேரம் குறிக்கப்பட்டது. தென்கோடியில் 2015இல் இன்னொரு நேரம் குறிக்கப்பட்டது. இரண்டிலும் வழக்கைத் தீர்த்தது, முன்கூட்டியே சொல்லி வைத்த அந்த எண்தான்.

குப்பை என்று தீர்ந்தபின் எழவேண்டிய கேள்வியொன்று உண்டு: யாருடைய குப்பை? வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய கிளுகிளுப்பு இக்கேள்வியை மறைத்துவிடுகிறது. எங்கள் குடாநாட்டு மக்கள் போரின் ஆண்டுகளில் வானத்தில் இரைச்சல் கேட்டதும் அது பொம்மரா, சகடையா, கிபீரா என்று ஒலியைக் கொண்டே பிரித்தறிந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அவ்வித்தையிலே தேர்ந்து, பதுங்குகுழிக்கு ஓடும் நேரத்தைக் கணித்தார்கள். மேலே செல்லும் பொருளுக்கு உரிமையாளன் ஒருவன் உண்டு என்பதை அவர்கட்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

1978 ஜனவரி 24இல் சோவியத் செய்மதி ‘கொஸ்மொஸ் 954’ தன் அணுவுலையுடன் கனடாவின் வடபுலத்திற் சிதறியது. சோசலிச நாடொன்றின் கலம் என்பதனால் அதன் நஞ்சு குறைந்துவிடவில்லை. செலுத்திய நாடே நட்டத்துக்குப் பொறுப்பு என்னும் 1972ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை இருந்தமையாற் கனடா 60 இலட்சம் டொலர் கேட்டது. 1981இல் 30 இலட்சம் டொலருக்கு வழக்கு முடிந்தது. அடுத்த ஆண்டு, 1979 யூலையில், அமெரிக்க ‘ஸ்கைலாப்’ மேற்கு அவுஸ்திரேலியாவில் வீழ்ந்தபோது எஸ்பெரன்ஸ் ஊராட்சி மன்றம் குப்பை கொட்டியதற்காக 400 டொலர் தண்டம் விதித்தது. அதைக் கட்டியது நாசா அன்று; முப்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்க வானொலி நேயர்கள் திரட்டிய பணமே. கனடாவுக்குக் கணக்குக் கேட்கும் வலுவிருந்தது. அறிவிப்பைப் படித்துவிட்டுக் கடலுக்குப் போகாமல் இருக்கவேண்டிய தென்கரை மீனவனுக்கு ஒருநாட் கூலியை எவர் தருவார்? மேலே சுற்றும் பொருள்களின் மிகப் பெரிய பட்டியல் இன்றும் அமெரிக்க இராணுவத்தின் கையிலேயே இருக்கிறது. அதிற் பகிரங்கமாவது அவர்கள் வெளியிட விரும்பிய பகுதி மட்டுமே.

எமக்கு அண்மையிலும் ஏவுதளம் உண்டு. சென்னைக்கு வடக்கே சிறீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் பீ.எஸ்.எல்.வீ. றொக்கற்றுகள் நேரே தெற்கு நோக்கிச் செல்வதில்லை. கழிந்த பகுதிகள் எமது தீவின் மேல் விழாதிருக்க முதலில் தென்கிழக்காகச் சென்று பின்னர் வளைந்து திரும்புகின்றன. அவ்வளைவுக்குச் செலவாகும் எரிபொருளால் ஏற்றிச்செல்லும் சுமை குறைகிறது. 2023 யூலையில் மேற்கு அவுஸ்திரேலியாவின் கிறீன் ஹெட் கரையில் ஒதுங்கிய பெரிய உலோக உருளை என்னவென்று உலகமே ஊகித்துக்கொண்டிருந்தபோது, அது பீ.எஸ்.எல்.வீ.யின் மூன்றாம் பகுதியே என அடையாளங் காணப்பட்டது. சிறிய றொக்கற்றுகளை வளைவின்றி நேர்தெற்கே அனுப்புவதற்காகத் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து அவை எழும்போது, கழிந்த பகுதிகள் தீவின் மேற்குக்கும் தெற்குக்கும் அப்பாலுள்ள கடலில் வீழும். எந்த நாளில், எந்த மணியில், எந்தப் பரப்பில் என்ற எண்கள் அங்கே படகிறக்குவோரின் கையிலும், அவர்கள் மொழியிலேயே, முன்கூட்டிக் கிடைக்க வேண்டும்.