லா ரிசர்வ்

லா ரிசர்வ் என்பது கர்நாடகத்தின் நந்தி மலையடிவாரத்தில், குரோவர் குடும்பம் நிறுவிய திராட்சைத் தோட்டத்தில் தயாராகும் சிவப்பு வைன். கபெர்னே சோவின்யோன், ஷிராஸ் ஆகிய இரண்டு பிரெஞ்சுத் திராட்சை இனங்களின் கலவை இது. தோட்டம் பெங்களூருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள தொட்டபள்ளாப்பூரில் இருக்கிறது.

வரலாறு

தொழிலதிபர் கன்வல் குரோவர் வியாபார நிமித்தம் அடிக்கடி பிரான்ஸ் சென்று வந்தவர். ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஜோர்ஜ் வெசெலின் துணையோடு பிரெஞ்சுக் கொடிகளை வரவழைத்து இந்திய மண்ணில் நட்டுப் பார்த்தார். 1988இல் நிறுவனம் தொடங்கியது. முதல் வைன் 1992இல் வெளிவந்தது. 1990களின் நடுவில் மிஷேல் ரொலான் ஆலோசகரானார். அவர் பொர்தோவை அடுத்த பொமரோலில் லே போன் பாஸ்தர் தோட்டத்தை நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய வழிகாட்டலில் உருவானதே லா ரிசர்வ். கன்வலுக்குப் பின் மகன் கபில், பேத்தி கரிஷ்மா ஆகியோர் தொழிலைத் தொடர்ந்தனர். 2012இல் நாசிக்கின் வலே தெ வேன் நிறுவனத்துடன் இணைந்து குரோவர் சம்பா ஆயிற்று. பின்னர் பெரும்பான்மைப் பங்குகள் வெளி முதலீட்டாளரிடம் சென்றன.

சாகுபடி

குளிர்நாடுகளில் திராட்சைக்கொடி மாரியில் இலையுதிர்த்து உறங்கும். நந்தி மலைப்பகுதியில் அந்த உறக்கம் இல்லை. விட்டால் ஆண்டு முழுவதும் தளிர்க்கும். மழையில் பழுக்கும் குலைகள் பூஞ்சணம் பிடித்து அழுகிவிடும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். அறுவடை முடிந்ததும் வெட்டும் முதற் கவ்வாத்து கிளைகளைத் திடப்படுத்துவதற்கு. அதிலிருந்து விளைச்சல் எடுப்பதில்லை. மழை ஓயும் செப்டெம்பர், ஒக்டோபரில் வெட்டும் இரண்டாவதே காய்ப்புக்கு. அந்தக் குலைகள் வறண்ட மாதங்களில் பழுக்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீற்றர் உயரம் என்பதால் இரவுகள் குளிர்ந்து, பழத்தின் புளிப்பு கெடாமல் நிற்கிறது. யாழ்ப்பாணத்துப் பந்தல்களில் விளையும் இஸ்ரேல் புளூ திராட்சைக்கு இந்தக் குளிர்ச்சி வாய்ப்பதில்லை; அது பெரும்பாலும் பழமாகவே விற்பனையாகிறது.

கலவை

பொர்தோவில் கபெர்னேயுடன் வழக்கமாகச் சேர்வது மெர்லோ. இங்கே அதன் இடத்தில் ரோன் பள்ளத்தாக்கின் ஷிராஸ் வருகிறது. அவுஸ்திரேலியாவில் இந்தச் சேர்க்கை பெருவழக்கு. 19ஆம் நூற்றாண்டில் பொர்தோ வணிகர்களே தங்கள் வைனுக்கு வலுவூட்ட ரோன் பகுதியின் எர்மித்தாஜ் வைனைக் கலந்ததுண்டு. தடித்த தோலுள்ள கபெர்னே நிறத்தையும் துவர்ப்பையும் தருகிறது. ஷிராஸ் பழச்சுவையையும் மிளகு வாசத்தையும் கூட்டுகிறது. தோலோடு சேர்த்து நொதிக்கவைத்த சாறு பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் சில மாதங்கள் முதிர்கிறது.

1976ஆம் ஆண்டின் புகழ்பெற்ற பாரிஸ் சுவைப்போட்டியை நடத்திய ஸ்டீவன் ஸ்பரியர், 2005இல் பிரித்தானியாவின் டிகாண்டர் சஞ்சிகையில் லா ரிசர்வைப் பாராட்டினார். இந்திய வைன் வெளிநாட்டு விமர்சகர்களின் கவனத்தைப் பெற அது உதவியது.

பரிமாறல்

சிவப்பு வைனை அறைச் சூட்டில் பரிமாறவேண்டும் என்பது ஐரோப்பிய அறைகளை வைத்துச் சொன்னது. அதற்குரிய சூடு 16 முதல் 18 பாகை செல்சியஸ். தெஹிவளை, வெள்ளவத்தை வீடுகளில் 28 பாகைக்குக் குறைவது அரிது. அந்தச் சூட்டில் மதுசார நெடியே முந்தி நிற்கும். குளிர்சாதனப் பெட்டியில் அரை மணிநேரம் வைத்து எடுப்பது நல்லது. ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்குப் பொருந்தும். உறைப்பு மிகுந்தால் துவர்ப்பு கசப்பாக மாறும் என்பதால், மிளகாய்த்தூளைக் குறைத்து மிளகைக் கூட்டிச் சமைப்பது உகந்தது.