ஒட்டியதும் உதிர்ந்ததும்

செல்லுக்குள் எந்தப் புரதம் எதோடு சேர்கிறது என்பதற்கு இன்று வரைபடங்கள் இருக்கின்றன. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு வரைபடம் எதைத் தொடர்பென்று ஏற்கிறது, எதைக் கழுவி ஊற்றுகிறது என்ற கேள்வி பிரதியை வாசிப்பவனுக்கும் உரியதுதான்.

1986ல் டோனி பாசன் குழுவினர் எஸ்.எச்.2 என்ற புரதப் பகுதியை அடையாளம் கண்டனர். இன்னொரு புரதத்தின் டைரோசின் மீது பாஸ்பேட் ஏறியிருந்தால்தான் இது அதைப் பற்றும் என்பது பின்னர் தெளிவாயிற்று. பாஸ்பேட் கழன்றால் பிடியும் விட்டுப்போகும். செல்லின் சமிக்ஞை பெரும்பாலும் இப்படிக் கொஞ்ச நேரமே நிற்கும் தொடுகைகளால் ஆனது.

இவற்றைப் பிடிக்க வந்த கருவி நிறை நிறமாலைமானி. 1980களின் இறுதியில் ஜான் ஃபென்னும் கொய்ச்சி தனாகாவும் புரதத்தைச் சிதைக்காமல் மின்னேற்றி எடைபோட வழி கண்டார்கள். 2002ல் நோபல் பரிசு பெற்றார்கள். 1996ல் ஈஸ்ட்டின் மரபணுத் தொகுதி முழுதும் வாசிக்கப்பட்டது ஒரு நிகண்டு கிடைத்த மாதிரி. புரதத்தை நொதியால் துண்டாக்கி, துண்டுகளின் எடையை அதனோடு ஒத்துப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும்.

1999ல் ஹைடெல்பர்க்கில் ஒரு முறை உருவானது. புரதத்துக்கு வால் ஒட்டி, அந்த வாலைப் பிடித்து, இரண்டு கட்டமாகக் கழுவி இழுப்பது. வால் பெற்றது நிலைமொழி என்றால் கூட வருவது வருமொழி. 2002 ஜனவரியில் நேச்சர் இதழில் இரண்டு ஈஸ்ட் வரைபடங்கள் ஒன்றாக வெளியாயின. ஹைடெல்பர்க்கின் இந்த முறை 232 புரதக் கூட்டுகளைத் தந்தது. ஒரே கட்டமாக இழுத்த டொராண்டோ குழு 725 புரதங்களைத் தூண்டிலாக்கி 3,617 இணைவுகளைக் காட்டியது. அதே ஆண்டு, பல முறைகளில் கிடைத்த சுமார் 80,000 இணைவுகளை ஒப்பிட்டபோது, ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் ஆதரித்தவை 2,400 அளவுக்குத்தான் இருந்தன.

எங்கே பிசகு? கழுவக் கழுவ, அழுத்தமாக ஒட்டியது நிற்கும், தொட்டு விலகியது உதிரும். சமிக்ஞைக்கு வேண்டியதோ தொட்டு விலகியது. இன்னொரு பக்கம், எந்தத் தூண்டில் போட்டாலும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் புரதங்களும் உண்டு. 2013ல் அந்தக் குப்பைக்கே ஒரு பட்டியல் போட்டுப் பொதுவில் வைத்தார்கள்.

2012ல் வந்த பயோஐடி வேறு வழி தேடியது. நிலைமொழியோடு இணைத்த நொதி, பக்கத்தில் வரும் புரதங்கள் மேல் பயோட்டினை ஒட்டிவிடும். தொடுகை அறுந்தாலும் தடயம் இருக்கும். ஆனால் பக்கத்தில் நின்றவரெல்லாம் உறவா என்ன?

எனவே வரைபடத்தில் கோடில்லாத இடத்தை உறவில்லாத இடம் என்று நான் படிக்கமாட்டேன். அங்கே கழுவிய கை ஒன்றும் இருக்கிறது.