பெயரும் புகழும்: இரட்டைக்குழல் துப்பாக்கிகள் சொல்லும் பாடம்



நம் நாட்டுத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்கள் 'செனாப்பாங் பாத்தா' என்னும் மலாய்ச் சொல்லைக் கேட்டிருப்பர். 'பாத்தா' என்றால் ஒடிந்தது என்று பொருள். தோட்டா இடுவதற்காகக் குழலை நடுவே மடித்துத் திறக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கு அமைந்த பெயர் அது. அவ்வகையில், இரண்டு குழல்களை அருகருகே இணைத்துச் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் ஒரு பொற்காலம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் இரண்டாம் உலகப் போர் வரை நீடித்த காலம் அது. அன்று உருவான துப்பாக்கிகளுள் எது சிறந்தது என்று சேகரிப்பாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர். அந்த வாதத்தைக் கூர்ந்து நோக்கினால், ஒரு பொருளின் புகழ் எங்கிருந்து பிறக்கிறது என்னும் வினா எழுகிறது.

முதலில் பார்க்கர். கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் நகரில் காப்பி அரைக்கும் பொறிகள் செய்து வந்தவர் சார்லஸ் பார்க்கர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படைக்குத் துப்பாக்கி செய்து கொடுத்த அவரது நிறுவனம், போர் முடிந்தபின் வேட்டைத் துப்பாக்கிகளைச் செய்யத் தொடங்கியது. 1934இல் ரெமிங்டன் நிறுவனம் அதை வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உற்பத்தி நின்றது. அதற்குள் ஏறத்தாழ 242,000 துப்பாக்கிகள் வெளிவந்திருந்தன. மரமும் இரும்பும் இடைவெளியின்றிப் பொருந்தும் நேர்த்தியும், தரத்திற்கேற்பக் கூடிச் செல்லும் செதுக்கு வேலைப்பாடும் பார்க்கருக்கு முதலிடம் தேடித் தந்தன. ஆயினும் அதன் உள்ளே இருக்கும் சுடுபொறி பல நுண்ணிய உறுப்புகளைக் கொண்டது. அதைப் பிரித்துப் பூட்டுவோர் அந்தப் புகழைச் சற்றுத் தயக்கத்துடனேயே ஏற்பர்.

அடுத்தது எல். சி. ஸ்மித். நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் தொடங்கியது இது. நிறுவனர் லைமன் ஸ்மித் 1880களின் இறுதியில் துப்பாக்கித் தொழிலை ஹண்டர் குடும்பத்தாருக்கு விற்றுவிட்டுத் தட்டச்சுப் பொறித் தொழிலில் பெயர் பெற்றார். இதன் சுடுபொறி இரு பக்கத் தகடுகளில் பொருத்தப்பட்டது. இலண்டனின் உயர்ந்த துப்பாக்கிகளை நினைவூட்டும் தோற்றம் அதனால் வாய்த்தது. ஆனால் அத்தகடுகளுக்காக மரத்தைக் குடைய வேண்டியிருந்தது. அதனால் தகடுகளுக்குப் பின்புறம் மரத்தில் விரிசல் விடுவது இத்துப்பாக்கியின் நெடுநாள் குறையாயிற்று. அழகுக்குக் காரணமான அமைப்பே குறைக்கும் காரணமாயிற்று.

மூன்றாவது, பிலடெல்பியாவில் ஆன்ஸ்லி ஃபாக்ஸ் செய்தது. தோட்டாவைத் தட்டும் சுத்தியலும் அதன் முனையும் இதில் ஒரே துண்டாக அமைந்தவை. உறுப்புகள் குறைவாதலால் பழுதும் குறைவு. ஆயினும் இதன் பெயரைப் பரப்பியது வேறொன்று. 1909இல் தியோடர் ரூசவெல்ட் ஆப்பிரிக்கப் பயணத்திற்குப் புறப்பட்டபோது, ஃபாக்ஸ் அவருக்கு உயர்தரத் துப்பாக்கி ஒன்றை அன்பளிப்பாக வழங்கினார். அத்துப்பாக்கி 2010இல் 862,500 டாலருக்கு ஏலம் போனது. அதே தரத்தில் அமைந்த வேறொரு ஃபாக்ஸ் அந்த விலையை எட்டாது. விலை, ஏந்திய கைக்குக் கிடைத்தது.

நான்காவது, வின்செஸ்டர் 21. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1931இல் சந்தைக்கு வந்தது. வழக்கமான தோட்டாவைவிட மிகு அழுத்தம் தரும் சோதனைத் தோட்டாக்கள் 2,000 சுடப்பட்டும் அது சேதமடையவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. இது பெருமைக்குரியதே. எனினும் சோதனையை நடத்தியதும் முடிவைப் பரப்பியதும் விற்பவரே என்பதை மறக்கலாகாது. மேலும், வேட்டைக்காரர் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்திக்காத அழுத்தத்தைத் தாங்குவது ஒரு சிறப்பு. கையில் இலகுவாக நிற்பது வேறொரு சிறப்பு. சோதனை முதலாவதை மட்டுமே அளந்தது.

இனி, புகழ் அன்றிப் பழியைச் சுமந்த ஒன்றைக் காண்போம். பழைய துப்பாக்கிகள் பலவற்றின் குழல்கள் 'டமாஸ்கஸ்' வகையைச் சேர்ந்தவை. இரும்பும் எஃகும் கலந்த கம்பிகளை முறுக்கி, ஓர் உருளையின்மேல் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒன்றாக்கிய குழல்கள் அவை. பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அண்மையிலுள்ள வெஸ்டர் பள்ளத்தாக்குக் கொல்லர்கள் இக்கலையில் வல்லவர்கள். அவர்கள் செய்த குழல்கள் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கும் சென்றன. புகையற்ற வெடிமருந்தும் புதிய வார்ப்பு எஃகும் பரவியபோது, டமாஸ்கஸ் குழல் வெடித்துச் சிதறும் என்னும் அச்சமும் பரவியது. தோட்டாப் பெட்டிகளிலேயே எச்சரிக்கை அச்சாயிற்று. நல்ல துப்பாக்கிகள் பல மூலையில் கிடந்தன. அற்ப விலைக்குப் போயின.

ஆனால் 1888இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைச் சாலை பல வகைக் குழல்களைக் கடுமையாகச் சோதித்தபோது, முதலிடம் பெற்றது முறுக்கிச் செய்த ஆங்கிலேயக் குழல் ஒன்றே. அழுத்தி வார்த்த விட்வொர்த் எஃகு இரண்டாமிடமே பெற்றது. எல்லாப் பழங்குழல்களும் பாதுகாப்பானவை என்று இதற்குப் பொருளன்று. உள்ளே துரு அரித்திருக்கலாம். குழலின் கனம் தேய்ந்திருக்கலாம். வல்லுநர் அளந்து பார்க்காமல் எந்தப் பழந்துப்பாக்கியையும் சுடலாகாது. ஆனால் 'இந்தக் குழலில் குறை உள்ளதா?' என்று கேட்க வேண்டிய இடத்தில், 'இந்த வகையே தீது' என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. முதல் உலகப் போரை ஒட்டி அந்தக் கைவினையும் ஏறக்குறைய அணைந்துபோனது.

வார்ப்பு எஃகுக் குழல் கொண்ட துப்பாக்கிகளும் நிலைக்கவில்லை. கையால் பொருத்தும் வேலைக்குக் கூலி மிகுதி. ஒரே குழலில் பலமுறை சுடும் மலிவான துப்பாக்கிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ஸ்மித் உற்பத்தி 1950இல் நின்றது. வின்செஸ்டர் 21 பின்னாளில் தனி ஆணையின் பேரில் மட்டுமே செய்யப்பட்டது. இன்று சேகரிப்பாளர் மிகுந்த விலை கொடுப்பது பெரும்பாலும் சுடப்படாமல், தொடக்க மெருகு குலையாமல் இருப்பவற்றிற்கே. உழைத்துத் தேய்ந்தது மதிப்பில் தாழ்கிறது.

ஆகவே புகழ் என்பது ஒரே சரக்கு அன்று. வேலைப்பாடு, விளம்பரம், ஏந்திய கை, அருமை ஆகியவை கலந்து அது உருவாகிறது. பழியும் அவ்வாறே. வகுப்பில் ஒரு மாணவனை, "அந்தக் குடும்பத்துப் பையனா?" என்றோ, "போன ஆண்டே இவன் இப்படித்தான்" என்றோ நாம் எடைபோடும்போது, அந்த லியேஜ்க் குழல்களை நினைத்துக்கொள்வது நன்று. வகையின் பெயரைக் கேட்டு நில்லாமல், கையில் உள்ள ஒன்றை எடுத்து அளந்து பார்ப்பதே நேர்மை.