கண்மேற்பரப்பில் நுண்துகள் மருந்து

கத்தியோ ஊசியோ இல்லாமல், சொட்டாக இடும் மருந்தைக் கண்ணின் வெளிப்பரப்பில் நிலைக்கச் செய்து திசுவுக்குள் இறக்குவதற்காக, அம்மருந்தை மிக நுண்ணிய துகள்களில் ஏற்றித் தரும் முறை. துகள்களின் அளவு சில மைக்ரோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை அமையும். அரைத்த மருந்துப் பொடி, கொழுப்புக் குமிழ், எண்ணெய்த் துளி, பலபடிப் பொருளாலான உருண்டை ஆகியவை இவற்றின் முக்கிய வகைகள். கருவிழிப் புண், உலர்கண் நோய், கண்ணழுத்த நோய், கண் அழற்சி ஆகியவற்றுக்கு இவை பயன்படுகின்றன. இலங்கையின் மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களைப் போல நெல்லை நம்பி வாழும் வெப்பமண்டலப் பகுதிகளுக்கு இத்துறையில் முதன்மையானது கருவிழிப் புண்ணின் சிகிச்சையே.

கண்ணின் காவல்

கண்ணில் இயல்பாக நிற்கும் கண்ணீர் ஏறத்தாழ 7 மைக்ரோலீட்டர். மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டோ 30 முதல் 50 மைக்ரோலீட்டர். கீழிமையை இழுத்துச் சொட்டு விடும் பை 30 மைக்ரோலீட்டருக்கு மேல் தாங்காது. மிஞ்சியது கன்னத்தில் வழிந்துவிடும். உள்ளே தங்கியதும் இமைக்க இமைக்கக் கண்ணீரோடு கலந்து, மூக்குக்குச் செல்லும் நாளத்தின் வழியே தொண்டையில் இறங்கும். சொட்டு விட்ட சிறிது நேரத்தில் நாக்கின் அடியில் கசப்பது இதனால்தான்.

தப்பி நின்ற மருந்துக்கும் வழி எளிதல்ல. கருவிழிப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதன் மேலடுக்கில் உயிரணுக்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருக்கின்றன. கொழுப்பில் கரையும் பொருளையே அவை எளிதில் விடும். அதற்கடுத்த தடித்த நடு அடுக்கு நீர்ப்பற்றுடையது. அங்கே கொழுப்புப் பொருள் தேங்கிவிடும். ஒன்றில் நுழையும் மருந்து மற்றதில் தடைப்படுகிறது. இட்ட மருந்தில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே கண்ணுக்குள் சேர்கிறது. தூசையும் கிருமியையும் விரட்டக் கண்ணுக்கு அமைந்த இந்தக் காவலே மருந்தையும் விரட்டுகிறது. துகள் மருந்துகளின் வரலாறு இந்தக் காவலைக் கெடுக்காமல் கடக்க முயன்ற வரலாறாகும்.

சொட்டு மருந்தின் வளர்ச்சி

கண்ணில் நேரடியாக மருந்திடும் வழக்கம் மிகப் பழையது. சித்த மருத்துவத்தின் 32 புறமருந்துகளில் கலிக்கம் ஒன்று. இலைச்சாற்றையோ, தேனிலோ சாற்றிலோ இழைத்த மாத்திரையையோ கண்ணில் இடுவது அது. நவீன மருத்துவத்தில், பிரேசில் நாட்டுச் செடியொன்றிலிருந்து 1875இல் பிரித்தெடுக்கப்பட்ட பைலோகார்பின் 1877 முதல் கண்ணழுத்த நோய்க்குப் பயன்பட்டது. 1884இல் கார்ல் கோலர் கோகெயின் சொட்டால் கண்ணை மரக்கச் செய்யலாம் என்று காட்டினார்.

பைலோகார்பினை ஒரு நாளில் பலமுறை விட வேண்டியிருந்தது. அந்தச் சிரமமே புதிய முறைகளைத் தேட வைத்தது. 1974இல் அமெரிக்காவில் ஒக்குசெர்ட் என்ற மெல்லிய வில்லை அனுமதி பெற்றது. கீழிமைக்குள் வைத்தால் ஒரு வாரம் வரை மருந்தைச் சீராகக் கசியவிடும். சிலருக்கு அது தெரியாமலே நழுவி விழுந்தது, விலையும் கூடுதல். வில்லையை வைத்துப் பழகுவதைவிடச் சொட்டு விடுவதே மக்களுக்கு எளிது. வில்லையின் வேலையைச் சொட்டே செய்ய வேண்டுமானால் மருந்தை ஏந்தி நிற்கும் துகள் சொட்டுக்குள் மிதக்க வேண்டும் என்ற எண்ணம் இதையடுத்து வலுப்பெற்றது.

துகள்களின் வருகை

1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் விவரித்த கொழுப்புக் குமிழ்கள், அதாவது லிப்போசோம்கள், 1981இல் கண்ணுக்கு வந்தன. ஹெர்பிஸ் வைரசால் கருவிழி புண்பட்ட முயல்களுக்கு ஐடாக்சியூரிடின் மருந்தை லிப்போசோமில் அடைத்துக் கொடுத்து ஸ்மோலின் குழுவினர் சோதித்தனர். அதே காலத்தில் ராபர்ட் குர்னி, பைலோகார்பினைச் சுமக்கும் பலபடித் துகள்களை உருவாக்கினார். கண்ணில் பட்டதும் கண்ணீரின் காரத்தன்மையால் கூழாகித் தங்கிவிடுவது அவற்றின் சிறப்பு.

துகள் பெரிதாக இருந்தால் உறுத்தும். 10 மைக்ரோமீட்டரைத் தாண்டியவற்றைக் கண் மணல்போல் உணர்ந்து, நீரைப் பெருக்கிக் கழுவிவிடும். சிறியதாக இருந்தாலும் அது கண்ணில் ஒட்டி நிற்க வேண்டும். இந்த இரண்டாவது தேவைக்கு விடை தந்தது கைட்டோசான். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலுள்ள கைட்டினிலிருந்து அது பெறப்படுகிறது. 1811இல் ஆன்ரி பிராக்கோனோ காளானில் கைட்டினைக் கண்டார். 1859இல் ரூஜே அதிலிருந்து கைட்டோசானை ஆக்கினார். கைட்டோசான் நேர்மின்னூட்டம் கொண்டது. கண்ணின் மேலுள்ள சளிப்படலம் எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே இரண்டும் பற்றிக்கொள்கின்றன.

ஸ்பெயினின் சாந்தியாகோ தே கொம்பொஸ்தேலா பல்கலைக்கழகத்தில் மரியா ஹோசே அலோன்சோவின் குழு 2001இல் அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரினைக் கைட்டோசான் நானோதுகளில் ஏற்றி முயல்களுக்குக் கொடுத்தது. கருவிழிப் படலத்திலும், வெள்ளை விழியை மூடிய சவ்விலும் மருந்து குறைந்தது 48 மணி நேரம் தேவையான அளவில் நின்றது. கண்ணின் உட்பகுதிக்கும் இரத்தத்துக்கும் அது ஏறக்குறையச் செல்லவேயில்லை. மேற்பரப்பு நோய்க்கு மேற்பரப்பிலேயே மருந்தை நிறுத்த முடியும் என்பதை இச்சோதனை தெளிவாகக் காட்டியது. வாவியின் இறாலையும் நண்டையும் உண்டு ஓட்டைக் கழிவாக எறியும் மட்டக்களப்பு மக்களுக்குக் கைட்டோசானின் மூலப்பொருள் புதியதல்ல.

இதற்கு நேர்மாறான வழியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஹேன்ஸ் குழு வளர்த்தது. சளியில் ஒட்டும் துகளைக் கண்ணீர் சளியோடு சேர்த்தே அகற்றிவிடுகிறது. ஒட்டாத பூச்சுள்ள துகளோ சளிக்குள் புகுந்து திசுவை நெருங்கும் என்பது அவர்கள் கண்டது. ஒட்டுவது, ஊடுருவுவது என்ற இரு வழிகளும் இன்றுவரை இணையாக வளர்கின்றன.

ஆய்வுகூடத்திலிருந்து மருந்தகத்துக்கு

2002இல் அமெரிக்கா அனுமதித்த ரெஸ்டாசிஸ், ஆமணக்கெண்ணெயை நீரில் நுண்துளிகளாக்கி அதில் 0.05 சதவீத சைக்ளோஸ்போரினைக் கரைத்த உலர்கண் மருந்து. 2018இல் இந்தியாவின் சன் பார்மா நிறுவனம் நானோமைசெல் என்ற நுண்ணிய மூலக்கூற்றுத் திரள் வடிவில் 0.09 சதவீத சைக்ளோஸ்போரினான செக்வாவுக்கு அங்கே அனுமதி பெற்றது. அதே ஆண்டில், ஹேன்ஸ் குழுவின் ஆய்விலிருந்து பிறந்த இன்வெல்டிஸ் அனுமதி பெற்றது. கண் அறுவைக்குப் பிந்திய அழற்சிக்கு அதை ஒரு நாளில் இருமுறை விட்டால் போதும்.

தமிழர் பங்களிப்பும் இதில் உண்டு. சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சுப்பு வெங்கட்ராமனும் கண் மருத்துவர் டினா வாங்கும் லட்டனோபிராஸ்ட் மருந்தை நானோ லிப்போசோமில் அடைத்தனர். 2014இல் வெளியான அவர்களது ஆய்வில், கண்ணின் மேற்சவ்வுக்கடியில் ஒருமுறை செலுத்திய மருந்து 6 நோயாளிகளுக்கு 3 மாதம் வரை கண்ணழுத்தத்தைக் குறைத்து வைத்தது. இது சொட்டு அல்ல, சிறு ஊசி. ஆனாலும் நாள்தோறும் விடும் சொட்டுக்கு மாற்றாகத் துகள் நிற்க முடியும் என்பதை மனிதரிலேயே காட்டியது.

நேட்டமைசின்: எளியோரின் துகள் மருந்து

நானோதுகள் என்ற பேச்சு எழுவதற்கு முன்பே ஒரு துகள் மருந்து ஏழை உழவரின் கண்ணைக் காத்துவந்தது. 1950களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பிரிக்கப்பட்ட நேட்டமைசின் அது. நீரில் கரையாததால், துகள்கள் நீரில் மிதக்கும் 5 சதவீதத் தொங்கலாகவே தயாரிக்கப்படுகிறது. அசையாமல் வைத்த புட்டியில் மருந்து வெண்மையாக அடியில் படிந்து கிடக்கும். குலுக்காமல் விட்டால் கண்ணில் விழுவது பெரும்பாலும் நீர்தான். குலுக்கி விட்டால் பால்போன்ற சொட்டு புண்ணின் மேல் படிந்து நிற்கும். 1978இல் அமெரிக்கா அனுமதித்த முதல் கண்பூஞ்சை மருந்து இதுவே. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இதன் மதிப்பை உலகுக்கு உறுதிப்படுத்தியது தமிழ்நாடு. 1976இல் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1994இன் முதல் 3 மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை எம். சீனிவாசன் குழு ஆராய்ந்தது. 284 பேருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. கண்டறியப்பட்ட கிருமிகளில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறத்தாழச் சமமாக இருந்தன.

பின்னர், கருவிழிக்குள் நன்கு ஊடுருவும் புதிய மருந்தான வோரிகோனசோல் நேட்டமைசினை வெல்லும் என்று பலர் எதிர்பார்த்தனர். 2010 ஏப்ரல் முதல் 2011 டிசம்பர் வரை மதுரை, புதுச்சேரி, கோவை அரவிந்த் மருத்துவமனைகளில் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து 323 நோயாளிகளிடம் இரண்டும் ஒப்பிடப்பட்டன. என். வெங்கடேஷ் பிரஜ்னா முதலாசிரியராக 2013இல் வெளியான முடிவில் நேட்டமைசினே வென்றது. பியூசேரியம் பூஞ்சை தாக்கிய கண்களில் வேறுபாடு மிகப் பெரிது: நேட்டமைசின் பெற்றோர் பார்வைப் பலகையில் ஏறத்தாழ 4 வரிகள் கூடுதலாகப் படித்தனர். வோரிகோனசோல் பெற்றோருக்குக் கருவிழி துளைபடுவதும் அவசரமாகக் கருவிழி மாற்ற நேர்வதும் அதிகமாயிருந்தன. ஊடுருவும் ஆற்றல் மட்டும் போதாது, உள்ளே சேரும் மருந்து அந்தக் கிருமியைக் கொல்லவும் வேண்டும் என்ற பாடத்தைத் துகள் ஆய்வாளர்கள் இதிலிருந்து பெற்றனர்.

நேட்டமைசினின் குறையும் இதே சோதனையில் தெரிகிறது. முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறையும், பிறகு 3 வாரம் நிறையும் வரை 2 மணிக்கொரு முறையும் சொட்டு விட வேண்டியிருந்தது. இந்தச் சுமையைக் குறைக்க, லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் 2012இல் நேட்டமைசினை லெசித்தின், கைட்டோசான் கலந்த நானோதுகளில் ஏற்றியது. முயல் கண்ணில் அது சந்தைத் தொங்கலைவிட நீண்ட நேரம் தங்கியது.

மட்டக்களப்பு வாவிக்கரை

வாவியின் மேற்கே விரியும் படுவான்கரை நெல்வயல்களின் நிலம். கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் நகரும் போதனா வைத்தியசாலையும் உள்ளன. பெரும்போக வேளாண்மை வெட்டிலும் சூடடிப்பிலும் நெல்தாளின் நுனி, உமி, சுணை, தூசு என எல்லாம் கண்ணை நோக்கி வருகின்றன. கீறலோடு பூஞ்சை உள்ளே போனால் புண் மெதுவாகத்தான் வளரும். முதல் நாள்களில் உறுத்தலும் சிவப்பும் மட்டுமே இருப்பதால் வேலை நிற்பதில்லை. அந்த நேரத்தில் தாய்ப்பாலையோ இலைச்சாற்றையோ விடுவது, புண்ணுக்குள் மேலும் கிருமியைச் சேர்ப்பதாகவே முடியும். பார்வை மங்கிக் கண்ணில் பூ விழுந்த பிறகு எஞ்சுவது கருவிழி மாற்று அறுவை. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கும் கருவிழிகளை அனுப்பிவருகிறது. ஆயினும் தொற்று முற்றிய கண்ணில் மாற்றிய கருவிழி தெளிவாக நிலைப்பது கடினம். சொட்டோடு நோய் தீர்வதே உழவருக்குப் பெரும் நன்மை.

அதற்குக் காலமும் தூரமும் தடையாகின்றன. 2014இல் ஜப்பானின் உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கும்வரை, படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அவ்விடத்தில் வாவியைக் கடக்கப் பாதை எனும் மிதவைப் படகை நம்பியிருந்தனர். பாலம் பயணத்தைக் குறைத்தது. ஆனால் வீடு திரும்பிய நோயாளி மணிக்கொரு சொட்டை வயலிலும் வாடியிலும் விட்டாக வேண்டும். ஒரு நாளைக்கு இருமுறை விட்டால் போதும் என்ற நிலையைத் தரும் துகள் மருந்து இத்தகைய ஊர்களுக்கே மிகவும் பயன்படும்.

தடுப்பும் மதிப்பீடும்

மருந்து வந்து சேரும் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதை நேபாளத்தின் பக்தபூர் ஆய்வு 2001இல் காட்டியது. கருவிழியில் கீறல் பட்டவர்களுக்கு ஊர்ச் சுகாதாரத் தொண்டர்கள் 1 சதவீத குளோரம்பெனிகால் களிம்பை நாளுக்கு மூன்றுமுறை மூன்று நாள் இட்டனர். 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கிய எவருக்கும் புண் உண்டாகவில்லை.

எனவே வருங்காலத் துகள் மருந்து எதுவானாலும் அதன் சோதனைக்களம் நெல்வயலே. நேட்டமைசினை விடக் குறைந்த முறை விட்டு அதே பலன் தருமா, குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீட்டில் கெடாதிருக்குமா, கிராமிய வைத்தியசாலையின் அலுமாரியில் வைக்கக்கூடிய விலையில் கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் அது விடை சொல்ல வேண்டும். இவற்றில் தேறும் துகளே கருவிழிப் புண்ணை அறுவையில்லாமல் ஆற்றும் மருந்தாக உழவரிடம் சேரும்.