ஆற்றுத் தண்ணி தெளிவா இருந்தா குளிக்கலாமா? பாக்டீரியாவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, வாடையும் இல்லை. அப்போ இறங்கிக் குளிக்கலாம் என்றுதான் பலரும் முடிவு செய்கிறார்கள். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, காது வலி, தோல் அரிப்பு ஆகியவற்றைத் தரும் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் பல நாடுகளில் ஆறு, ஏரிகளில் நீச்சலுக்கு அனுமதி தரும் முன் தண்ணீரைப் பரிசோதிக்கிறார்கள்.

எதைத் தேடுகிறார்கள்?

நோய் தரும் ஒவ்வொரு கிருமியையும் தேடுவது முடியாத காரியம். அதற்குப் பதிலாக ஈ.கோலை, என்டரோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்களை எண்ணுகிறார்கள். இவை மனிதர்கள், ஆடு மாடுகளின் குடலில் வாழ்பவை. தண்ணீரில் இவை அதிகமாக இருந்தால் கழிவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். கழிவு வந்த வழியிலேயே மற்ற நோய்க்கிருமிகளும் வந்திருக்கலாம்.

பரிசோதனை எப்படி நடக்கிறது?

ஐரோப்பிய விதிப்படி, முடிந்தவரை குறைந்தது 1 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், மேற்பரப்பிலிருந்து 30 செ.மீ. கீழே மாதிரி எடுக்க வேண்டும். கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே பாக்டீரியாவை வளரவிட்டு, 100 மி.லி. தண்ணீரில் எத்தனை இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

சிக்கல் எங்கே?

பாக்டீரியா வளர வழக்கமாக ஒரு நாளாவது ஆகும். அதாவது இன்று கிடைக்கும் ரிசல்ட், நேற்றைய தண்ணீரைப் பற்றியது! இடையில் ஒரு மழை பெய்தால் நிலைமை தலைகீழாகிவிடும்.

பாரிஸில் இதுதான் நடந்தது. 1923 முதல் சேன் நதியில் குளிக்கத் தடை இருந்தது. 2024 ஒலிம்பிக்குக்காக சுமார் 140 கோடி யூரோ செலவில் நதியைச் சுத்தப்படுத்தினார்கள். பழைய பாரிஸில் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கனமழையில் குழாய் நிரம்பினால் கழிவு நேராக நதிக்குள் போய்விடும். அதைத் தடுக்க 5 கோடி லிட்டர் கொள்ளளவில் நிலத்தடித் தொட்டியும் கட்டினார்கள்.

அப்படியும் ஜூலை 26 தொடக்க விழா நாளில் கொட்டிய மழைக்குப் பிறகு பாக்டீரியா எகிறியது. டிரையத்லான் விதிப்படி 100 மி.லி.யில் ஈ.கோலை 1,000ஐயும், என்டரோகாக்கஸ் 400ஐயும் தாண்டக்கூடாது. ஜூலை 30 நடக்க வேண்டிய ஆண்கள் போட்டி மறுநாளுக்குத் தள்ளிப்போனது. 2025 ஜூலையில் 3 இடங்களில் பொதுமக்களுக்கும் நீச்சல் அனுமதிக்கப்பட்டது. ஆனால் தண்ணீரின் தரம் குறைந்தால் மூடிவிடுவார்கள்.

வேகமான வழி இல்லையா?

இருக்கிறது. பாக்டீரியாவை வளர்க்காமல் அதன் டிஎன்ஏவை அளக்கும் பரிசோதனையில் சில மணி நேரத்திலேயே முடிவு வந்துவிடும். சிகாகோ நகரம் 2017 முதல் மிச்சிகன் ஏரிக்கரைகளில் இந்த முறையைப் பயன்படுத்தி அன்றைக்கே எச்சரிக்கை தருகிறது. ஆனால் இதற்குத் தனிக் கருவியும் பயிற்சி பெற்ற ஆட்களும் தேவை.

இந்தியாவில் என்ன வரையறை?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல்படி, குளிக்கும் நீரில் 100 மி.லி.க்கு மலக் கோலிஃபார்ம் 500க்குள் இருப்பது நல்லது. அதிகபட்சம் 2,500. ஈ.கோலையும் இந்தக் கோலிஃபார்ம் வகையைச் சேர்ந்ததுதான்.

குளிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு...

* கனமழை பெய்த பிறகு ஓரிரு நாள் இறங்காமல் இருப்பது நல்லது.
* சாக்கடை, மழைநீர்க் குழாய் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் குளிக்க வேண்டாம்.
* தண்ணீரை விழுங்கக்கூடாது. குழந்தைகள்தான் அதிகம் விழுங்குகிறார்கள், கவனம்.
* ஆறாத புண் இருந்தால் தவிர்க்கவும்.
* வயிற்றுப்போக்கு இருப்பவர்கள் இறங்கினால் மற்றவர்களுக்கும் பரவும்.
* வீடு திரும்பியதும் சோப்பு போட்டுக் குளிக்கவும். காய்ச்சல், வாந்தி வந்தால், ஆற்றில் குளித்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லவும்.